வேலையை விட்ட மறு மாதம் கைக்கு என்ன வரும்?

கல்யாண வீடுகளில் யாரும் யாரிடமும் "உங்க இபிஎஃப்ல எவ்வளவு இருக்கு?" என்று, அதாவது ஊழியர் சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்பதில்லை. என்ன காடி ஓட்டுகிறார், வீடு கோண்டோவா தரை வீடா, மகன் எங்கே படிக்கிறான் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு மனசுக்குள் ஒரு தொகை போட்டுக்கொள்வார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சம்பளப் பட்டியல் போடுகிறவள், யாருக்கு என்ன பிடித்தம் போகிறது என்பது மாதா மாதம் கண்ணில் படுகிற விஷயம். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் பளபளவென்று நிற்கிற காடிக்கும், இருபதாம் தேதி வாக்கில் முன்பணம் கேட்டு வந்து நிற்கிற ஆளுக்கும் உள்ள சம்பந்தம் எனக்கு நன்றாகவே தெரியும்.

எனக்கு இப்போது 53. மலேசியாவில் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது, சரி, அதற்காக அறுபது வரை நம்மை அப்படியே வைத்திருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா? ஐம்பதைத் தாண்டியவர்கள் அதிகம் இருக்கிற எந்தத் தொழிற்சாலையிலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது வி.எஸ்.எஸ். (காசு கொடுத்து விருப்ப விலகலில் அனுப்பும் திட்டம்) வதந்தி கிளம்பிவிடும். அதனால் நான் எனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான். வேலையை விட்ட மறு மாதம், நான் எழுந்து எங்கேயும் போகாமல், யாருக்கும் போன் பண்ணாமல், என் கைக்கு என்ன வரும்? வருகிற அந்தத் தொகையை என் மாதச் செலவால் வகுத்துப் பார்க்கிறேன். செலவில் பாதி வந்தால் பாதி தூரம் வந்திருக்கிறேன். மற்ற கணக்கெல்லாம் கல்யாண வீட்டுக் கணக்கு.

வாட்ஸ்அப்பில் ஒரு சூத்திரம் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயதை ஆண்டு வருமானத்தால் பெருக்கு, பத்தால் வகு, வருகிற தொகைக்கு உன் சொத்து இருந்தால் நீ சரியான இடத்தில் இருக்கிறாய் என்று. மாதம் 6,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிற 53 வயதுக்காரருக்கு அது 381,600 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் குடியிருக்கிற வீடும் சேர்ந்துவிடுகிறது. தொண்ணூறுகளில் பிறை ஊரில் ஒரு வீடு வாங்கிப் போட்டவருக்கு அந்த வீட்டின் விலை ஒன்றே இந்தத் தொகையைத் தொட்டுவிடலாம், பேங்கில் பத்தாயிரம்கூட இருக்காது. சூத்திரம் அவரைப் பார்த்து "பாஸ்" என்கிறது. அவரோ அறுபதுக்கு மேல் செக்யூரிட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். (எங்கள் குடியிருப்புத் தாமானில் அப்படி ஒரு அங்கிள் இருக்கிறார், நல்ல மனுஷன், விடியும் முன்பே சீருடையோடு மோட்டாரில் கிளம்பிவிடுவார்.) இருக்கிற வீட்டை விற்றால் வேறு வீடு வேண்டும். வாடகை கொடுக்காமல் இருக்கலாம் என்பதுதான் அதனால் வருகிற நன்மை, அது செலவுப் பக்கத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. அப்புறம் எதற்கு அதைச் சொத்துப் பக்கத்திலும் எழுதுவது?

அமெரிக்கர் வில்லியம் பெங்கன் 1994இல் போட்ட 4 விழுக்காட்டுக் கணக்கையும் (ஓய்வின் முதல் வருஷம் சேமிப்பில் 4 விழுக்காடு எடு, பிறகு விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொள் என்பது) சிலர் இங்கே அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர் பார்த்தது அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும். நமக்குச் சேமநிதி என்று ஒன்று இருக்கிறது, மரபு வழி (ஷரியா அல்லாத) சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவு என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குவதுதான் நம் ஊருக்கு நியாயம்.

சேமநிதி வாரியமே இப்போது மூன்று படி போட்டிருக்கிறது. அறுபது வயதில் 390,000 வெள்ளி இருந்தால் அடிப்படை, 650,000 இருந்தால் போதுமானது, 1.3 மில்லியன் இருந்தால் மேம்பட்டது. 2026 ஜனவரியில் தொடங்கி 2028 வரை படிப்படியாக இதற்கு மாறுகிறார்கள். இதற்கு முன்னால் ஒரே ஒரு எண்தான் இருந்தது, 55 வயதில் 240,000. மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது வருஷம் என்பதுதான் அதன் பின்னால் இருந்த கணக்கு. மாதம் ஆயிரம் வெள்ளியில் பினாங்கில் ஒருவர் எப்படி வாழ்வார் என்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

இந்த எண்களை வைத்து நான் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். 390,000ஐ, ஈவு எதையும் சேர்க்காமல், 240 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,625 வெள்ளி, எண்பது வயதில் புத்தகம் காலி. அதே 390,000இல் முதலைத் தொடாமல் ஆண்டுக்கு 5 விழுக்காட்டை மட்டும் எடுத்தால்? அதுவும் மாதம் 1,625தான்! 650,000க்கும் அப்படியே, இரண்டு வழியிலும் 2,708. இருபது வருஷத்தில் தின்று தீர்ப்பதும் வருஷத்துக்கு இருபதில் ஒரு பங்கு ஈவாக வாங்குவதும் ஒரே தொகை, யோசித்தால் இது சின்னப் பிள்ளைக் கணக்கு, ஆனால் ஒரு வழியில் எண்பதில் கை வறண்டுவிடும், இன்னொரு வழியில் முதல் அப்படியே நிற்கும். என் பக்கத்து மேசைக்காரி மலாய்ப் பெண், அவளிடம் காட்டினேன், இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

5 விழுக்காடு கிடைக்குமா என்று கேட்பீர்கள். 2020இல், கோவிட் ஆண்டில், 5.20. அடுத்து 6.10, 5.35, 5.50, 2024இல் 6.30. நாளைக்கும் இப்படியே வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதோடு வருகிற ஈவு முழுவதையும் எடுத்துச் செலவு பண்ணினால் முதல் அதே இடத்தில் நிற்கும், விலைவாசி நிற்காது. நான் போட்டிருக்கிற கணக்கு, ஈவில் மூன்றில் இரண்டு பங்கை எடுப்பது, மீதியை உள்ளேயே விடுவது. 55 ஆனதும் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. அங்கேயே வைத்து ஆண்டு ஈவை மட்டும் எடுக்கலாம், மாதா மாதம் ஒரு தொகை வரும்படியும் செய்துகொள்ளலாம், நூறு வயது வரை ஈவு போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். 55இல் மொத்தமாக எடுத்தார், அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது அதுதான். அக்கா கல்யாணம், வீட்டுக் கூரை, ஒரு மோட்டார், சில வருஷத்தில் எல்லாம் தீர்ந்தது. அதற்கப்புறம் அவருக்கு வருஷா வருஷம் எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் வாங்கி வைத்திருந்த பங்குதான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சேர்த்த காசு. தொகை ரொம்பச் சின்னது. ஆனால் அதற்காக அவர் ஒரு பால்மரம்கூடச் சீவ வேண்டியிருக்கவில்லை, ஈவு வந்த நாளில் முகத்தில் ஒரு பெருமை தெரியும். இன்றைக்கு "பேசிவ் இன்கம்" என்று ஹோட்டல் மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவர்களைவிட அவருக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

கோவிட் காலத்தில் சேமநிதியிலிருந்து ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, அப்புறம் 2022இல் பத்தாயிரம் வெள்ளி என்று எடுக்கவிட்டார்கள், நாடு முழுக்க மொத்தம் 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. சாப்பாட்டுக்கே வழியில்லாமல் எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2024 மே மாதத்திலிருந்து மூன்று கணக்காகப் பிரித்து, மாதம் கட்டுவதில் பத்தில் ஒரு பங்கை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆக்கினார்களே, அதைக் கணக்கில் ஏறிய மறு நாளே போனில் தட்டி எடுத்துவிடுகிற இளவட்டங்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

சரி, வாடகைக்கு வருகிறேன். நம் ஆட்களுக்குச் "சும்மா வரும் வருமானம்" என்றாலே வாடகை வீடுதான். என் அண்ணன் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கோண்டோ வாங்கிவிட்டிருக்கிறார், விலை 420,000, வாடகை 1,700. வருஷத்துக்கு 20,400 என்று தீபாவளிக்கு வரும்போதெல்லாம் சொல்வார். ஒரு தீபாவளியில் பலகாரத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அண்ணே, பேப்பர்ல எழுதலாமா?" என்றேன். வாடகைக்காரர் மாறும்போது ஒரு மாதம் காலி, 1,700 போச்சு. பராமரிப்புக் கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான நிதி) மாதம் 280, வருஷத்துக்கு 3,360. வீட்டு வரி, நில வரி சேர்த்து 560. ஏர்கோன் கழுவுவது, வாட்டர் ஹீட்டர் மாற்றுவது, சுவருக்குச் சாயம் அடிப்பது என்று 1,200, அதுவும் நல்ல வருஷமாக இருந்தால். மிஞ்சியது 13,580. போட்ட விலைக்கு 3.2 விழுக்காடு. இதில் பேங்க் கடன் இன்னும் 280,000 இருக்கிறது, 4 விழுக்காடு என்றால் வட்டி மட்டும் 11,200. கடைசியில் நின்றது 2,380 வெள்ளி, அதற்கும் வருமான வரி உண்டு. அண்ணன் முறுக்கைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தார். "கடனை வாடகைக்காரன்தானே கட்டுறான்" என்றார். அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை, கடன் முடிந்தால் வீடு அவருடையது, விலையும் ஏறியிருக்கலாம். ஆனால் ஓய்வுக்குப் பிறகு மாதம் சாப்பிட என்ன வரும் என்ற கேள்விக்கு இன்றைக்கு அந்த வீட்டின் பதில் மாதம் 200 வெள்ளிதான்.

இதில் அவருடைய நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. போன வருஷம் கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று ராத்திரி படம் படமாக அனுப்பினார்கள். அடுக்குமாடிச் சட்டத்தின் கீழ் இருக்கிற விதிகளில், அப்படிக் கசிந்தால் மேல் வீட்டிலிருந்துதான் வருகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை பொறுப்பு மேல் வீட்டுக்காரருக்கு. அண்ணன் லீவு போட்டு நிர்வாக அலுவலகத்துக்கு அலைந்து, ஆள் பிடித்து, குளியலறைத் தரையை உடைத்து, புதுசாக நீர்க்காப்புப் பூசி, அது காயும்வரை வாடகைக்காரர்களுக்குக் குளிக்க இடமில்லாமல் வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொடுத்து, எல்லாம் முடிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. இதைச் சும்மா வரும் வருமானம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இது சனி ஞாயிறு பார்க்கிற இன்னொரு வேலை. ஐம்பது வயதில் செய்ய முடிகிறது. எழுபதில் குளியலறைக்கு யார் ஆள் பிடிப்பது?

கட்டட வாடகைதான் வேண்டும் என்றால் ரீட் (கட்டடங்களை வாங்கி வாடகையைப் பங்கிட்டுத் தரும் நிதி) யூனிட் வாங்கிவிட்டுப் போகலாம் என்பது என் கட்சி. கர்னி பிளாசா, குயின்ஸ்பே மாலின் பெரும்பகுதி, இவையெல்லாம் கேப்பிட்டாலேண்ட் மலேசியா டிரஸ்ட் என்ற ரீட்டின் கையில்தான் இருக்கின்றன. 100 யூனிட்டிலிருந்து வாங்கலாம். ஈவுக்கு வரி உண்டு, ஆனால் தண்ணீர் சொட்டினால் நமக்குப் போன் வராது. 2020இல் கடைகள் மூடிக்கிடந்தபோது மால்களை வைத்திருக்கிற ரீட்டுகளின் ஈவு நன்றாகவே இறங்கியது, விலையும்தான், அதையும் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நான் கொஞ்சம் வைத்திருக்கிறேன், மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பேங்க் பங்குகளும் கொஞ்சம். கம்பெனி ஈவுக்கு 2025இலிருந்து வரி வந்திருக்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள், அது ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் ஈவு வாங்குகிறவர்களுக்கு, அந்த மேல் தொகைக்கு 2 விழுக்காடு. அந்த வரி கட்டுகிற நிலைமை எனக்கு வந்தால் வீட்டில் பால் பொங்க வைப்பேன்.

அமானா சஹாம் மலேசியா என்கிற அரசு சார்ந்த முதலீட்டு நிதியும் நல்லதுதான், யூனிட் விலை எப்போதும் ஒரு வெள்ளி, ஏறாது இறங்காது. பூமிபுத்ரா (மலாய்க்காரர் முதலான மண்ணின் மக்கள்) அல்லாதவர்களுக்கு ஒதுக்கீட்டில் யூனிட் கிடைத்தால்! போனில் ஆயிரம் என்று போட்டு, இல்லை என்று வந்து, ஐந்நூறு போட்டு, நூறு போட்டு, கடைசியில் ஐம்பது வெள்ளிக்கு யூனிட் கிடைத்ததும் ஏதோ லாட்டரி அடித்ததுபோல் சந்தோஷப்படுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதற்குச் செலவாகிற நேரத்தில் சேமநிதியிலேயே சொந்தமாகக் கட்டிவிடலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை விடுகிறார்கள். நிரந்தர வைப்பு இருக்கிறதே என்றால், 2025 ஜூலையில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை 2.75க்கு இறக்கியதிலிருந்து அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஆறு மாதச் செலவுக்கு மட்டும் அதில் வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு உடனே எடுக்கலாம், பேங்க் படுத்தாலும் ஒரு பேங்க்குக்கு 250,000 வரை காப்புறுதி உண்டு.

தங்கம். என் மாமியார் இதைப் படித்தால் கோபப்படுவார். 2025இல் பொன் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டு "நான் சொன்னேன் பார்த்தியா" என்று லிட்டில் இந்தியாவில் நகைக்கடையைக் கடக்கும்போதெல்லாம் சொல்கிறார். சொன்னார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 916 வளையல் பீரோவில் இருக்கும் வரை மாதம் ஒரு சென்கூடத் தராது, விற்கும்போது செய்கூலியும் திரும்ப வராது, அதைவிட முக்கியம், அவர் விற்கவே மாட்டார். விற்க மனசு வராத பொருளை ஓய்வுக்காலக் கணக்கில் எழுதி என்ன பயன்?

கூட்டு (சீட்டு) கட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள். 1971லிருந்தே அதை ஒரு தொழிலாக நடத்தத் தடைச் சட்டம் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கிறது, தாமானில் கூட்டும் பாட்டுக்கு நடக்கிறது. தலைவி ஓடிப்போனால் எந்தப் போலீஸ் நிலையத்தில் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். மாதம் பத்து, இருபது விழுக்காடு தருகிறேன் என்கிற பண விளையாட்டுகளில் 2017 வாக்கில் பினாங்கே மூழ்கிக் கிடந்தது, இன்னமும் பெயர் மாற்றி மாற்றி வருகிறார்கள். பேங்க் நெகாராவும் பங்கு பரிவர்த்தனை ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, காசு போடும் முன் பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

செலவுப் பக்கத்தில் எனக்குப் பயமாக இருக்கிற விஷயம் ஒன்றுதான், மருத்துவம். வேலையை விட்டதும் பாலத்து டோல் போகும், மதியச் சாப்பாட்டுக் காசு போகும், பிள்ளைகள் படிப்பும் அதற்குள் முடிந்திருக்கும். ஆனால் கம்பெனியின் மருத்துவ வசதியும் அதே நாளில் போய்விடும். என் கணவரின் மெடிக்கல் கார்டுக்கு (மருத்துவக் காப்புறுதி) மாதம் 280 கட்டிக்கொண்டிருந்தோம், ஒரு நாள் கடிதம் வந்தது, இனிமேல் 410. ஏன் என்று கேட்டால் மருத்துவமனைச் செலவு ஏறிவிட்டது என்கிறார்கள். 2024 கடைசியில் பேங்க் நெகாரா தலையிட்டு இந்த ஏற்றங்களைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பரப்பச் சொன்னது, அதனால் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது, ஏற்றம் நிற்கவில்லை. அரசு மருத்துவமனை இருக்கிறது, வெளி நோயாளிக்கு ஒரு வெள்ளிதான், அதை நான் குறைவாகப் பேச மாட்டேன், எங்கள் அம்மாவின் சர்க்கரைக்கு எத்தனையோ வருஷமாக அங்கேதான் மருந்து. இருந்தாலும் என் கணக்கில் அறுபதுக்கு மேல் மருத்துவத்துக்கு மாதம் 900 என்று எழுதியிருக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. கணவர் அதிகம் என்கிறார்.

இப்படியெல்லாம் கூட்டிக் கழித்து, எங்கள் இருவருக்கும் ஓய்வில் மாதம் 4,200 வெள்ளி வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இன்றைய நிலையில், ஈவில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கிலேயே, செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. இன்னும் ஏழு வருஷம் முழுசாக வேலை இருந்தால் முக்கால்வாசி வந்துவிடும். மீதிக்கு முதலிலிருந்து கொஞ்சம் எடுப்போம், எழுபத்தைந்துக்கு மேல் ஊர் சுற்றுவது தானாகவே குறையும். பிள்ளைகள் கொடுத்தால் சந்தோஷம், கணக்கில் எழுதவில்லை. மகள் சிங்கப்பூர் காசு அனுப்புகிறாள், அதை அவள் பெயரிலேயே போட்டு வைக்கிறேன்.

இதற்கு நடுவில் கணவருக்கு ஒரு யோசனை. பாலிக் பூலாவில் யாரோ நண்பர் வழியாக ஒரு சின்ன டுரியான் தோட்டம் வருகிறதாம், என்னுடைய சேமநிதியில் 55இல் ஒரு பகுதியை எடுத்து அதை வாங்கிவிட்டால் மரம் பாட்டுக்குக் காய்க்கும், நாம் பாட்டுக்கு உட்கார்ந்து விற்கலாம் என்கிறார். மரம் பாட்டுக்குக் காய்க்குமா? உரம், பூச்சி மருந்து, புல் வெட்ட ஆள், அணிலுக்கும் குரங்குக்கும் காவல், பருவத்தில் விடிய விடிய விழுகிற பழத்தைப் பொறுக்க ஆள், மழை தப்பினால் பூ கொட்டிவிடும். புதுக் கன்று வைத்தால் காய்க்கவே பல வருஷம், அதற்குள் எங்களுக்கு அறுபது தாண்டிவிடும். ஒரு பேப்பரை எடுத்து வைத்தேன், அண்ணனுக்குப் போட்ட மாதிரியே கணக்குப் போடலாம் என்று. அவர் பேப்பர் வேண்டாம், நேரில் வந்து இடத்தைப் பார் என்கிறார். சரி, ஜூன் மாதம் பழம் விழத் தொடங்கியதும் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன், செக் புத்தகம் வீட்டிலேயே இருக்கும்.